அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை

"நன்றாக விற்பவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் மோசமான மேலாளர்தான் கிடைப்பார், பொருளாதார நிபுணர்களே நிரூபித்துவிட்டார்கள்" என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஆலன் பென்சன், டானியெல் லீ, கெல்லி ஷூ மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதை வைத்து இவ்வளவு தூரம் போக முடியாது.

முதலில், அவர்கள் பார்த்தது 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை மட்டும். அப்புறம் முக்கியமான விஷயம்: ஒப்பிட்டது மேலாளர் ஆனவர்களுக்குள்ளேயே. ஒருவர் விற்பனையில் சுமார்தான், ஆனாலும் மேலாளர் ஆக்கினார்கள் என்றால் அவரிடம் வேறு ஏதோ திறமையைக் கண்டுதான் ஆக்கியிருப்பார்கள். நட்சத்திர விற்பனையாளருக்கோ அந்தத் திறமை இருக்கிறதா என்று யாரும் பெரிதாகத் துருவுவதில்லை, விற்பனைக் கணக்கே போதும் என்று மேலே ஏற்றிவிடுகிறார்கள். அதனால்தான் அவருக்குக் கீழே இருப்பவர்களின் விற்பனை அடிவாங்குகிறது. நன்றாக விற்கும் திறமையே ஒருவரை மோசமான மேலாளராக்கிவிடுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை.

சரி, அப்படியானால் நிறுவனங்கள் முட்டாள்களா? அதையும் அவர்கள் தீர்ப்பாக எழுதவில்லை. தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஒரு சாத்தியம். நன்றாக உழைத்தால் பதவி உண்டு என்ற நம்பிக்கையில் மற்றவர்களும் முட்டி மோதி விற்கிறார்களே, அந்த லாபத்துக்காகத் தெரிந்தே இந்த நஷ்டத்தை ஏற்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் திறந்தேதான் விட்டிருக்கிறார்கள். ஆய்வின் தலைப்பில் பீட்டர் கொள்கை (செய்யும் வேலையில் திறமை காட்டுபவரை, தனக்குத் திறமை இல்லாத பதவி வரும்வரை உயர்த்திக்கொண்டே போவார்கள் என்ற கருத்து) என்று இருந்ததும் மீதியைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டார்கள் போல.