ஹால் டிவியில் இணையம் பார்ப்பது

எங்கள் வீட்டு 43 அங்குல டிவியில் பிரவுசர் என்று ஒன்று இருக்கிறது. வாங்கிய புதிதில் ஒரே ஒரு தடவை திறந்தேன். ரிமோட்டின் அம்புக்குறியை அமுக்கி அமுக்கி, ஒரு இணைய முகவரியை அடித்து முடிப்பதற்குள் அம்மா காபி போட்டுக் கொடுத்து, நான் குடித்தும் முடித்துவிட்டேன். ஆங்கில எழுத்து 26க்கே இந்தக் கதி. தமிழில் 247.

இந்த ஆசை ஒன்றும் புதிதில்லை. 1996இலேயே அமெரிக்காவில் வெப்டிவி என்று ஒரு பெட்டி வந்தது. ஒரு பக்கம் டெலிபோன் லைன், இன்னொரு பக்கம் டிவி. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 42 கோடி டாலருக்கு வாங்கியது. பெயரை மாற்றி இழுத்துப் பிடித்து, 2013இல் மூடிவிட்டார்கள். நடுவில், 2010இல் கூகுள் டிவி வந்தது. அதற்காக லாஜிடெக் விற்ற பெட்டி, முழு கீபோர்டோடு 299 டாலர். மறு வருடமே 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். ஓடியது எது தெரியுமா? 2013இல் வந்த 35 டாலர் குரோம்காஸ்ட், டிவியில் செருகுகிற ஒரு சின்னக் கருவி. தேடுவதெல்லாம் போனில், டிவிக்குக் காட்டுகிற வேலை மட்டும்.

கீபோர்டு சரியில்லை, அதனால்தான் டிவியில் இணையம் தோற்றது என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். இணையத்தில் மேய்வது தனியாள் வேலை. ஒரு லிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எதற்குத் தாவுகிறோம் என்று நமக்கே தெரியாது. பின்னால் நாலு பேர் உட்கார்ந்து “அதைத் திற”, “ஏன் மூடினே?” என்றால் மேய முடியுமா?

ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒன்றையே பார்க்கவேண்டும் என்றால் கதை வேறு. போன மாதம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். வாய்க்கால் நம் பக்கமா, பக்கத்து வயல்காரர் பக்கமா என்று அவருக்கும் அப்பாவுக்கும் பல வருட வாக்குவாதம். அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் சர்வே நம்பரைப் போட்டு எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தை எடுத்தேன். போனில் காட்டினால் இருவருக்கும் கண்ணாடி எடுபடவில்லை. பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு மாட்டிப் பெரிதாக்கினேன். அவ்வளவுதான், அப்பா எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்து மீட்டர் கணக்குப் படிக்கிறார், சித்தப்பா சோபாவிலிருந்தே “அந்தக் கல்லை விட்டுட்டியே அண்ணா” என்கிறார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. பத்து வருடம் போனில் பேசித் தீராதது அது.

ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பை மாட்டுங்கள், போன் திரையை அப்படியே டிவியில் விடாதீர்கள். அதற்கு முந்தின பொங்கலுக்கு நான் விட்டேன். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது, ‘உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை’ என்று மேலிருந்து ஒரு செய்தி இறங்கியது, 43 அங்குலத் திரையில்.

வாய்க்கால் யாருடையது என்று கேட்பீர்கள். பாதிப் பாதி. வரைபடத்தை மூடுவதற்குள் சித்தப்பா, “சரி சரி, ஏழரை ஆச்சு, சீரியலைப் போடு” என்றார்.