மாலை ஆறு மணிக்கு வரும் வயிற்று வலி

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரம் மட்டும் நமக்குப் பிள்ளைகளின் மனசு ஞாபகத்துக்கு வரும். டிவியில் மனநல மருத்துவர் பேசுவார், கீழே 104, 14416 என்று உதவி எண்கள் ஓடும். அடுத்த வாரம் கட்-ஆஃப் பேச்சு தொடங்கியதும் அதோடு சரி. அந்த எண்களை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்துப் பேச ஆள் இருப்பது பெரிய விஷயம். ஆனால் ஆறாவது படிக்கிற பையன், அப்பாவின் போனையே வாங்கி, அப்பாவைப் பற்றிப் பேச முடியுமா?

அவனுக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில், தினமும் பார்க்கிற ஓர் ஆள். அப்படி ஓர் ஏற்பாடு நம்மிடம் இருந்தது. நாம்தான் அதை இலவச டியூஷன் என்று நினைத்துக்கொண்டோம்.

தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தில் திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவில் படித்தவர்களே தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 50 ரூபாய்க்கு மேல் தேறாது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால்வாசி இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று தெரிந்தது. 50 ரூபாய்க்கு இது கொள்ளை லாபம்.

ஆனால் எந்தத் தேர்விலும் அளக்க முடியாத ஒன்றை எங்கள் தெருவில் பார்த்தேன். பி.காம் முடித்த பெண் ஒருத்தி தன் வீட்டு வாசலில் வகுப்பு எடுத்தாள். ஒரு பையன் முதல் ஆளாக வருவான். ஆறு மணி தாண்டி, வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் மட்டும் அவனுக்கு வயிறு வலிக்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "பாயைச் சுருட்டிட்டுப் போடா" என்று நிறுத்திக்கொள்வாள். பாய் சுருட்டும்போதுதான் அவன் வாய் திறப்பான். சம்பள நாளில் அப்பா குடித்துவிட்டு வருவதும், அம்மா அடி வாங்குவதும் அப்படித்தான் வெளியே வந்தது. அவள் அறிவுரை சொல்லப் போகவில்லை. நாலு வீடு தள்ளி இருந்த அவன் பெரியம்மாவிடம் மட்டும் பேசினாள். அதன்பிறகு சனிக்கிழமை ராத்திரிச் சோறும் தூக்கமும் அவனுக்குப் பெரியம்மா வீட்டில்தான். (அப்பா திருந்தினாரா என்று கேட்காதீர்கள். இல்லை.)

படிப்பு தனி, மனசு தனி என்று திட்டக் காகிதத்தில்தான் பிரிக்க முடியும். அந்தப் பையன் வகுத்தல் கணக்குப் போட ஆரம்பித்ததும் அந்த மாதங்களில்தான்.

பட்டம் வாங்கியவர் எல்லாம் மனநல ஆலோசகர் ஆகிவிட முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவும் கூடாது. இன்னொரு பயமும் எனக்கு உண்டு: தெருவில் ஒரு காதுக்குப் போன விஷயம் மறுநாள் குழாயடியில் நிற்கும். அதனால் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இரண்டுதான். கேட்டதை யாரிடம் சொல்லக்கூடாது, எப்போது தன் கையை விட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ மருத்துவரிடமோ கொண்டுபோக வேண்டும். பாலியல் தொல்லை, தற்கொலைப் பேச்சு என்றால் பெரியம்மாவோடு நிற்கிற விஷயமில்லை அது.

திட்டம் இப்போது முன்பிருந்த அளவில் இல்லை. எங்கள் தெரு மையமும் நின்றுவிட்டது. அவள் விடவில்லை, நாலைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்துகிறாள். மழை வந்தால் வகுப்பு கிடையாது. இத்தனைக்கும் ஐம்பதடி தூரத்தில் ஊராட்சியின் சமுதாயக் கூடம் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் மட்டும் திறக்கிறது. அடுத்த கிராமசபையில் மனு கொடுக்கப் போகிறேன்: மாலை ஐந்து முதல் ஏழரை வரை கூடத்துச் சாவி அவளிடம் இருக்கட்டும், கரண்ட் பில் ஊராட்சியுடையது, அவளுக்கு மாதச் சம்பளத்துக்குத் தெருவில் வசூல். கையெழுத்துப் போட வருகிறவர்கள் சொல்லுங்கள்.