கூம்பு புயலின் அகலம் அல்ல

முன்னறிவிப்புப் படத்தில் உள்ள வெள்ளைக் கூம்புதான் புயல் தாக்கும் பகுதி, அதற்கு வெளியே இருந்தால் பயமில்லை என்று ஒரு கருத்து இங்கே பகிரப்படுகிறது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியல்ல. கூம்பு காட்டுவது புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டும்தான். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம், முந்தைய 5 ஆண்டுக் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி அதை வரைகிறது. அப்படியானால் சில நேரம் மையமே வெளியே போகலாம். காற்றும் மழையும் கடல் பொங்குவதும் இன்னும் வெகுதூரம் எட்டும்.

நீங்களே சரிபார்க்கலாம். 2024-இல் வந்த ஹெலீன் மிகப் பெரிய புயல், மில்டன் அதைவிடச் சிறியது. இரண்டின் பழைய படங்களும் அந்தச் சூறாவளி மையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. 48 மணி நேரம் கழித்துப் புயலின் மையம் இருக்கும் என்று குறித்த புள்ளியில் அளந்து பாருங்கள், கூம்பின் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், புயலின் அளவு அதில் சேராது. காற்று எட்டும் தூரத்துக்குத் தனி வரைபடம் உண்டு, தயவுசெய்து அதையும் பாருங்கள்.