நிமிர்த்திப் பிடித்தால் பிக்சல் குறையாது

"ஃபோனை நிமிர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தால் கேமரா பாதி பிக்சலைத்தான் (படத்தை உருவாக்கும் புள்ளிகளை) பயன்படுத்தும், அதனால்தான் டிவியில் மோசமாகத் தெரிகிறது" என்று சொல்லப்படுவது தவறு. நிறைய பேர் இதை நம்புவதால் சொல்லிவிடுகிறேன்.

ஃபோனைப் படுக்கவைத்து முழு எச்டியில் எடுத்தால் 1920×1080, நிமிர்த்தி எடுத்தால் 1080×1920. இரண்டிலும் ஒரு ஃபிரேமுக்கு 20,73,600 பிக்சல்தான். படத்தைப் பதியும் சில்லான சென்சாரும் ஃபோனோடு சேர்ந்துதானே திரும்புகிறது! பெரும்பாலான ஃபோன்கள் படத்தை அப்படியே பதிந்துவிட்டு, 'காட்டும்போது 90 டிகிரி திருப்பு' என்று கோப்பில் ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காத பழைய பிளேயர்களில் வீடியோ சாய்ந்து கிடப்பதும் இதனால்தான்.

டிவியில் நடப்பது வேறு. முழு எச்டி திரையின் உயரம் 1080 பிக்சல். அதற்குள் நெட்டை வீடியோ அடங்க வேண்டுமென்றால் அகலம் சுமார் 607 ஆகச் சுருங்கிவிடும், திரையில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது.

அப்புறம், "எப்படி எடுத்தாலும் பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்பதும் பாதிதான் உண்மை. 4கே-யில் (3840×2160) குறுக்காக எடுத்ததிலிருந்து 1215×2160 அளவுக்கு நெட்டையாக வெட்டலாம், ரீல்ஸுக்கு அது தாராளம். முழு எச்டியில் நிமிர்த்தி எடுத்ததைக் குறுக்காக வெட்டினால் 1080×607தான் மிஞ்சும். கல்யாண மேடை, குழு நடனம் என்றால் ஃபோனைப் படுக்கவையுங்கள். ஒருவர் பேசுவதை ஃபோனிலேயே பார்க்கப் போகிறார்கள் என்றால் தயங்காமல் நிமிர்த்தியே எடுங்கள்.