கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் மருத்துவப் பள்ளிக்குப் போகலாம்

"அமெரிக்காவில் டாக்டராக வேண்டுமென்றால் உயிரியல் பட்டம் கட்டாயம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் அவ்வளவுதான்" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பிப் பிடித்த படிப்பை யாரும் விட்டுவிடக் கூடாது.

அங்கே ப்ரீ-மெட், அதாவது மருத்துவப் பள்ளியில் சேரும் முன் இளங்கலைப் படிப்பில் செய்யும் தயாரிப்பு, பொதுவாகத் தனிப் பட்டமே அல்ல. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், அவற்றின் ஆய்வக வகுப்புகள், பல இடங்களில் உயிர்வேதியியல் என்று மருத்துவப் பள்ளி கேட்கும் பாடங்களை முடித்து, எம்கேட் என்ற மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வையும் நன்றாக எழுத வேண்டும். பட்டம் எதில் என்பது உங்கள் விருப்பம்.

சுமை அதிகம்தான், மறுக்கவில்லை. கால்குலஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ், ப்ரீ-மெட் இரண்டுக்கும் உதவும். கரிம வேதியியல் முழுக்கக் கூடுதல் வேலை. அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: பெரும்பாலான எம்.டி. (அங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்) பள்ளிகளுக்கான பொது விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனி ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கணக்கிடுவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடங்கள் அதில் சேராது. அல்காரிதம் வகுப்பில் ஏ வாங்கினாலும் மொத்த ஜிபிஏதான் உயரும். வேதியியலில் சறுக்கினால் அதை வைத்து ஈடுகட்ட முடியாது. அதனால் முதல் செமஸ்டரிலேயே கல்லூரியின் ப்ரீ-மெட் ஆலோசகரைப் பார்த்து, ஆய்வக நேரங்களை வைத்து நான்கு வருட அட்டவணை போட்டுவிடுங்கள்.