கொன்ட்ரோல் எங்கே தம்பி?

அந்த வீடியோவை எனக்கே அனுப்பிவைத்த அன்பு நெஞ்சங்களுக்கு நன்றி. "அன்ரி, கொஞ்சம் இருங்கோ, மற்ற ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம்" என்று மைக்கில் சொல்லப்படுகிறதே, அந்த அன்ரி நான்தான், ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். வெட்டாமல் போட்டிருந்தால் நான் என்ன கேட்டேன் என்பதும் உங்களுக்குக் கேட்டிருக்கும். வெட்டிப் போட்டதால், வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்த உடல் பரிசோதனை முகாம் என்ற ஒரு நல்ல காரியத்தைக் குழப்ப வந்த கிழவி மாதிரி நிற்கிறேன்.

நான் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, இந்த மெஷினுக்கு இன்றைக்குக் காலமை கொன்ட்ரோல் ஓட்டினீங்களா?"

லாப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் லாப் திறந்ததும் நோயாளியின் இரத்தத்தை மெஷினில் போடமாட்டோம். சீனி இவ்வளவு, கல்சியம் இவ்வளவு என்று முன்கூட்டியே அளவு தெரிந்த ஒரு சீரத்தைத்தான் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) முதலில் போடுவோம். அதுதான் கொன்ட்ரோல். மெஷின் அந்த இலக்கத்துக்குக் கிட்ட வந்தால் வேலை தொடங்கும். வராவிட்டால், வெளியே வெறும் வயிற்றோடு இருப்பவர்கள் எவ்வளவு திட்டினாலும் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது. ஒவ்வொரு நாளும் வரும் இலக்கம் ஒரு வரைபடத்தில் புள்ளியாக விழும். லெவி-ஜெனிங்ஸ் வரைபடம் என்று பெயர். புள்ளிகள் எல்லைக்குள்ளே இருந்தாலும் ஒரே பக்கமாக நகரத் தொடங்கினால் எங்களுக்கு வயிறு கலங்கும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் படித்து வெளியே வந்த நாளிலிருந்து பென்ஷன் எடுக்கும்வரை என் காலைகள் இப்படித்தான் விடிந்தன.

மண்டபத்தில் இருந்தது கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. லாப்டொப்புக்கு ஒரு யூ.எஸ்.பி. வயர், பிடித்துக்கொள்ள ஒரு உலோகத் தடி. 'குவாண்டம் காந்த அதிர்வுப் பரிசோதனை'யாம். டை கட்டிய தம்பி முதலில் ஆணா பெண்ணா, வயது, உயரம், நிறை எல்லாவற்றையும் தட்டினார். ஒரு நிமிஷம் தடியைப் பிடிக்கச் சொன்னார். பிரிண்டர் கத்தை கத்தையாகக் கக்கியது. ஈரல், பித்தப்பை, கணையம், எலும்பில் கனிமம், உடம்பில் ஈயம், பாதரசம், கண்ணுக்குக் கீழே உள்ள பை வரைக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மூன்று தசமதானம் வேறு. நாங்கள் இரத்தத்தை எடுத்து, சுழற்றி, சீரத்தைப் பிரித்து அளந்தும் கல்சியத்துக்கு ஒரு தசமதானத்துக்கு மேல் போடத் துணியமாட்டோம்.

அந்தத் தடியால் அதிகபட்சம் அறியக்கூடியது உள்ளங்கை ஈரமா காய்ந்ததா என்பதைத்தான். வியர்த்த தோலில் மின்சாரம் இலகுவாகப் போகும். அன்று மண்டபத்தில் ஏசியும் வேலை செய்யவில்லை, ஆகவே எல்லோருக்கும் அமோகமான அதிர்வு இருந்திருக்கும்.

காந்தத்தால் உடம்பைப் பார்க்கும் மெஷின் இருக்கத்தான் செய்கிறது, நான் மறுக்கவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் இருப்பது பெரும்பாலும் 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. அதன் சுருளைத் திரவ ஹீலியத்தில், பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை குளிரில் வைத்திருக்க வேண்டும். அறைக்குத் தனிக் கவசம். சாவிக்கொத்தோடு உள்ளே போக முடியாது. அத்தனை ஆரவாரத்துக்குப் பிறகும் அது உங்கள் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று சொல்லாது. லாப்டொப் வயரில் ஓடும் பெட்டி சொல்கிறதாம்.

எப்படிச் சொல்கிறது? வயதையும் நிறையையும் முதலிலேயே தட்டியாயிற்றே. சாத்திரியாரும் பிறந்த திகதியைக் கேட்டுவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். அறுபது தாண்டிய பெண்ணுக்கு எலும்பில் கல்சியம் குறைவு என்றும், தொந்தி வைத்த ஆணுக்கு ஈரலில் கொழுப்பு என்றும் சொல்ல ஒரு மெஷின் வேண்டுமா? வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லோருக்கும் கல்சியம் குறைவு. பக்கத்து மேசையில் கல்சியப் பவுடர் டின் அடுக்கி வைத்திருந்தது. டின் 18,500 ரூபாய்.

"உலகத்தின் புத்தம்புதிய தொழில்நுட்பம்" என்று மைக்கில் சொன்னார்கள். புதியதா? நூறு வருடத்துக்கு முன்பு சான் பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ் என்று ஒரு டொக்டர் இருந்தார். ஒரு துளி இரத்தத்தின் 'அதிர்வை' வைத்து எந்த நோயையும் பிடிப்பேன் என்றார். பெட்டிகள் செய்து மற்ற டொக்டர்மாருக்கு வாடகைக்கு விட்டார், திறந்து பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. யாரோ ஒரு குறும்புக்காரர் சேவலின் இரத்தத்தை அனுப்பிவைத்தார். மலேரியா, நீரிழிவு, புற்றுநோய் என்று பதில் வந்தது. 1924இல் அவர் இறந்த அதே வருடம், சயன்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகை அமைத்த விசாரணைக் குழு இதில் ஒன்றுமே இல்லை என்று முடிவு சொன்னது. அவராவது ஒரு துளி இரத்தம் கேட்டார். அமெரிக்காவில் 2003இல் தெரானோஸ் கம்பனியைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸும் விரல் நுனியில் சில துளி கேட்டார். 900 கோடி டொலர் பெறுமதி என்று உலகமே கொண்டாடிய கம்பனி அது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022இல் தீர்ப்பாகி, பதினொரு வருடத்துக்கு மேல் சிறை கிடைத்தது. நம்முடைய தம்பிமாருக்கு அந்தத் துளியும் தேவைப்படவில்லை.

"நீங்கள் மட்டும் பிழை விடுவதில்லையா?" என்று கொமெண்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். விடுவோம். அதற்காகத்தானே கொன்ட்ரோல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐயாவின் இரத்தம் வந்தது. பொட்டாசியம் இருதயம் நின்றுவிடும் அளவுக்கு மேலே, கல்சியம் நம்ப முடியாத அளவுக்குக் கீழே. மெஷின் சரி, கொன்ட்ரோல் சரி. என் மேலதிகாரி ரிப்போர்ட்டை வெளியே விடவில்லை. வார்ட்டுக்குப் போன் எடுத்து, "ஊதா மூடிக் குழாயிலிருந்து மற்றக் குழாய்க்கு ஊற்றினீங்களா?" என்று கேட்டார். ஊற்றித்தான் இருக்கிறார்கள். ஊதா மூடிக் குழாய்க்குள் இரத்தம் உறையாமலிருக்க பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. போட்டிருக்கும். அதில் பொட்டாசியம் இருக்கிறது, கல்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். மறுபடி இரத்தம் எடுத்தோம். ஐயாவுக்கு இரண்டுமே சரியாக இருந்தன. அந்த முதல் இலக்கத்தை நம்பி மருந்து ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் மெஷின் தந்த இலக்கத்தையே நாங்கள் நம்பவில்லை. அதுதான் எங்கள் தொழில். அந்தப் பெட்டி தன் வாழ்நாளில் ஒரு தரமாவது "இந்த ரிசல்ட் சந்தேகம், திரும்ப எடுங்கோ" என்று சொல்லியிருக்குமா? கொன்ட்ரோல் எங்கே தம்பி?

இன்னொருவர் நான் பாரம்பரிய வைத்தியத்தின் எதிரி என்கிறார். ஐயா, சீனாவில் செய்த யூ.எஸ்.பி. பெட்டி எந்த ஊர்ப் பாரம்பரியம்? சித்த வைத்தியர் நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், மலசலம் எப்படி என்று கேட்பார். அரை மணித்தியாலம் உங்களோடு கதைப்பார். இந்தத் தம்பி உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"போலி இம்யூனோகுளோபுலின் கொடுத்த ஆஸ்பத்திரிக்காரர் கதைக்கக் கூடாது" என்ற கொமெண்டுக்குத்தான் ஆகக்கூடிய லைக். அது சுட்டது, ஒப்புக்கொள்கிறேன். 2023இல் அது நடந்தது, இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத ஊசிமருந்தின் போலி அரச ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானார். எனக்கும் கோபம்தான், உங்களைவிடக் கூடுதலாக. ஆனால் அது எப்படிப் பிடிபட்டது? நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்ததும் வார்ட்டிலிருந்து எழுதினார்கள், மருந்து பரிசோதனைக்குப் போனது. அந்த மருந்துக் குப்பியில் ஒரு தொகுதி இலக்கம் இருந்தது. நான் தம்பியிடம் அடுத்துக் கேட்கவிருந்ததும் அதுதான். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருத்துவச் சாதனம் என்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிய வேண்டும். பதிவு இலக்கம் என்ன? அதற்குள் மைக்கைத் திருப்பிவிட்டார்கள்.

மைக்கைத் திருப்பும்போது ஏற்பாட்டாளர் ஒரு பகிடி விட்டார்: "ஊசி குத்திக் காசு பார்த்த ஆக்களுக்கு இது பிடிக்காதுதானே." மண்டபம் சிரித்தது. அதுவும் வீடியோவில் இல்லை.

காசு பார்த்தேனாம். 2022இல் லாப்பில் இரசாயனம் இல்லை. சீனிக்கும் சிறுநீரகத்துக்கும் அவசரக் கேஸ் மட்டும் செய்து, மிச்சம் இருக்கிற கிட் எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். பெற்றோல் இல்லாமல் நடந்து வேலைக்குப் போனோம். அன்று சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு நான் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்திருக்கிறேன்! ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை. அவர்கள் பெயர் எழுதமாட்டேன். அவர்களுக்குத் தெரியும்.

"நம்பிறவை நம்பட்டும், உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் கீழ்மாடி மாமியைப் பற்றிச் சொல்கிறேன். பல வருடமாகச் சீனி வருத்தம். ரிப்போர்ட்டில் 'கணையம்: சாதாரணம்' என்று பச்சை நிறத்தில் வந்திருக்கிறது. மாமி மெட்ஃபோர்மின் குளிசையை நிறுத்திவிட்டார். பவுடர் குடிக்கிறார். நேற்று நான் விரலில் குத்திப் பார்த்தபோது 340. அவரைக் கூட்டிக்கொண்டு போய் எச்.பி.ஏ.1.சி. என்ற சீனிப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறேன். சிவப்பு அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் பட்ட சீனி அதில் ஒட்டியிருக்கும். பச்சை நிறத்தில் அச்சடித்து அதை ஏமாற்ற முடியாது. மாமி என்னில்தான் கோபமாக இருக்கிறார். "நீ படிச்சனி எண்டு மற்ற எல்லாரும் முட்டாளோ?" என்றார்.

இல்லை மாமி. படித்தவர்கள்தான் அந்த வரிசையில் கூடுதலாக நின்றார்கள். கணக்காளர், வங்கி முகாமையாளர், ஓய்வுபெற்ற அதிபர். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குப் பாணி வாங்க ஆயிரக்கணக்கில் சனம் திரண்டபோது இதே ஆட்கள்தான் வட்ஸ்அப்பில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுகாதார அமைச்சர் பாணி குடித்துக் காட்டி, அடுத்த மாதமே அவருக்குக் கொரோனா வந்தபோது மீம்ஸ் போட்டார்கள். அவர்கள் குடித்தால் மூடநம்பிக்கை. நாங்கள் மண்டபத்தில் தடியைப் பிடித்தால் தொழில்நுட்பம்.

அந்தக் காலத்தில் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி வரைக்கும் முஸ்லிம்களையும் எரித்தார்கள். என்னோடு பக்கத்து மேசையில் வேலை செய்த பிள்ளையின் வாப்பாவையும் எரித்தார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. யாரிடம் ஆதாரம் இருந்தது? யார் கேட்டார்கள்? கேட்டவர்களுக்கு எல்லாம் "கொஞ்சம் இருங்கோ" தான். இதையும் அதையும் ஒன்றாக்காதே என்று வருவீர்கள், தெரியும். வாருங்கள். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பாமன்கடை லேன். அங்கேதான் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இருந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். அற்புத சக்தியைச் சோதனையில் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் இலக்கத்தைச் சொன்னால் போதும். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. என்னிடம் இலட்சம் இல்லை, பென்ஷன்காரி. ஆனால் அடுத்த முகாம் கொட்டாஞ்சேனையில் என்று நோட்டீஸ் பார்த்தேன். வருகிறேன். தம்பி, பயப்பட வேண்டாம், சத்தம் போடமாட்டேன். கட்டணம் 1,500 ரூபாயை முதலிலேயே கட்டிவிடுகிறேன், இரண்டு தரம் பிடிப்பதற்கு 3,000. தடியைப் பிடிக்கும் கை இரண்டு தரமும் என்னுடையதுதான். கீபோர்ட்டில் மட்டும் நான் தட்டுவேன்: முதல் தரம் என் வயது, இரண்டாம் தரம் 22 வயது ஆண், உயரம் ஆறடி.