அம்மாவோட விரல்ல இருக்க கறையும் எங்க லெப் போத்தலும்

அம்மா இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்துட்டு வந்து எவ்வளவு சோப்பு போட்டு கழுவினாலும் கையில இருக்க கறை போகாது. ரெண்டு கையிலயும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கருப்பு, நகத்தோரம் வெடிச்ச இடத்துல இன்னும் கருப்பு. நான் ஸ்கூல்ல படிக்கும்போது பேரன்ட்ஸ் மீட்டிங் வந்தா முதல் நாள் ராத்திரி எலுமிச்சங்கா தேய்ச்சி தேய்ச்சி பாப்பாங்க, அப்படியும் போகாது, மிஸ் கையெழுத்து கேக்கும்போது விரல மடக்கி வச்சிக்கிட்டுதான் பேனாவ பிடிப்பாங்க.

அந்தக் கறைக்கு காரணம் பொலிபீனோல். தேயிலைக் கொழுந்துல நிறைய இருக்க ஒரு பொருள். கிள்ளுன இடத்துல சாறு வந்து காத்து பட்டதும் கருக்குது. ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபெக்டரியில, ரோலர்ல போட்டு பச்சக் கொழுந்த கருந்தேயிலையா மாத்துறதும் இதே கதைதான்.

நான் இப்ப கெம்பஸ்ல ஒரு நானோ லெப்ல ரிசர்ச் செய்றேன். என்ன செய்றோம்னு சொந்தக்காரங்க கேட்டா சொல்றதுக்கு ரொம்ப லேசானது. சில்வர் நைட்ரேட் கரைச்ச தண்ணி, பாத்தா பச்சத்தண்ணி மாதிரியே இருக்கும். அதுல தேயிலைச் சாயத்த நல்லா ஐதாக்கி கொஞ்சம் ஊத்தி வச்சா, கொஞ்ச நேரத்துல இள மஞ்சளாகி, அப்புறம் தேன் நெறமாகி, கடைசில கருஞ்சிவப்பா வரும். இலையில இருக்க பொலிபீனோல் வெள்ளி அயனுக்கு இலத்திரன குடுத்து அத வெள்ளித் துணிக்கையா மாத்துது, ஒவ்வொரு துணிக்கையும் 100 நனோமீட்டருக்கு உள்ளதான், நம்ம தலைமயிர் ஒன்னு கிட்டத்தட்ட 80,000 நனோமீட்டர் தடிப்பம்னு வச்சிக்கிட்டா எவ்வளவு சின்னதுன்னு யோசிச்சி பாருங்க. அந்த நெறமும் சாயத்தோட நெறம் இல்ல, அந்த அளவுல வெள்ளியே வெளிச்சத்த வேற மாதிரி உறிஞ்சுறதால வர்றது, மெஷின்ல வச்சா 400 நனோமீட்டர் அலைநீளத்த தாண்டி ஒரு மேடு தெரியும். இதே வேலைக்கு சோடியம் போரோஹைட்ரைட், ஹைட்ரசீன் மாதிரி நச்சு கெமிக்கல் போடுற முறையும் இருக்கு, அதுக்கு பதிலா இலைச்சாறு போடுறதாலதான் இத பசுமை முறைன்னு சொல்றாங்க. முதல் தடவ அந்த போத்தல் கருக்குறத பாத்துக்கிட்டு நிக்கும்போது எனக்கு வேற எதுவும் ஞாபகம் வரல, அம்மாவோட விரல்தான்.

இப்ப எந்த கெம்பஸ் செமினாருக்கு போனாலும் மூனு விஷயம்தான் பேச்சு. உயிர்மருத்துவம், நியூரல் நெட்வேர்க், பசுமை நானோ. மூனும் எனக்கு புடிக்கும், மூனும் தேவை. ஆனா ஒன்ன சத்தமா சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. மலையில இருந்து இலைய எடுக்குறாங்க, மண்ண எடுக்குறாங்க, ரத்தத்த எடுக்குறாங்க, போட்டோ எடுக்குறாங்க. எடுங்க. ஆனா அதுக்கான பதில் அதே மலைக்கு வரணும், தமிழ்ல வரணும்.

மூனு வருஷத்துக்கு முந்தி எங்க தோட்டத்துக்கு ஒரு ரிசர்ச் டீம் வந்துச்சி. டிஸ்பென்சரியில வச்சி பொம்பளைங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்க. ஃபோர்ம் முழுக்க இங்கிலீஷ், "கையெழுத்து போடுங்கக்கா, உங்க நல்லதுக்குத்தான்"னு சொன்னாங்களாம், அம்மாவும் பக்கத்து காம்பரா மாமியும் போட்டாங்க. அன்னைக்கு அவங்களுக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்துச்சி. ஆளுக்கொரு நம்பர் எழுதின துண்டு குடுத்து, ரிப்போர்ட் வரும் பத்திரமா வச்சிக்கோங்கன்னு சொல்லிட்டு போனாங்க. இன்னைக்கு வரைக்கும் வரல. மாமி இப்பவும் என்னைய பாத்தா, "நீ கெம்பஸ்லதான இருக்க, அந்த ரத்தத்துல என்னா இருந்துச்சின்னு கேட்டு சொல்லு புள்ள"ங்குறாங்க. என்னத்த சொல்ல நான்.

அந்த ரிப்போர்ட்ட சும்மா பேப்பர்னு நினைக்காதீங்க. கர்ப்பம் இல்லாத பொம்பளைக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்கு கீழ போனா ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு இருக்கு. ஆனா அந்த 12 கடல் மட்டத்துக்கு. உயரத்துல காத்துல ஒக்சிசன் அழுத்தம் குறையுறதால உடம்பு தானாவே ஹீமோகுளோபின கூட்டிக்கும், அதனால மலையில இருக்கவங்களுக்கு அந்த எல்லையையும் கூட்டித்தான் பாக்கணும். நுவரெலியா டவுன் 1868 மீட்டர். கொழும்புல 12.2 இருக்க பொம்பளைக்கு பிரச்சினை இல்ல, அதே 12.2 இங்க மேல் தோட்டத்துல கூடைய முதுகுல மாட்டிக்கிட்டு ஏறுற பொம்பளைக்கு இருந்தா அவங்களுக்கு ரத்தம் பத்தாது. பழைய ஆளுங்க களைப்பு களைப்புன்னு சொல்லும்போது வயசாச்சின்னு சொல்லி அனுப்புனதுல எத்தன பேருக்கு இது இருந்திருக்குமோ.

அதுக்கு மேல இன்னொன்னு. எங்க போத்தல்ல வெள்ளிய பிடிக்கிற அதே பொலிபீனோல் வயித்துக்குள்ள இரும்புச்சத்தையும் பிடிச்சிக்குது, ரொட்டியிலயும் கீரையிலயும் இருந்து வர்ற இரும்ப உடம்பு உறிஞ்ச விடாது. நம்ம ஆளுங்க மலையில தேத்தண்ணி நேரத்துக்கு என்னா சாப்புடுறாங்க? ரொட்டி, சம்பல், கையோட சாயத்தண்ணி. கிளினிக்ல குடுக்குற இரும்பு மாத்திரையையும் அதே சாயத்தண்ணியிலதான் முழுங்குறாங்க. நான் அம்மாகிட்ட சொன்னது இவ்வளவுதான், மாத்திரைய பச்சத்தண்ணியில போடுங்க, தேத்தண்ணிய ஒரு மணித்தியாலம் கழிச்சி குடிங்க. இத வந்து சொல்ல ஆய்வுக்கூடமே வேணாம். ரத்தம் எடுக்க வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.

நியூரல் நெட்வேர்க்குக்கு வர்றேன். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இலையோட போட்டோவ பாத்து நோய சொல்ற கம்பியூட்டர் மொடல் ஒன்னு அதுல செஞ்சான். ஆயிரக்கணக்கான படத்த காட்டி, தப்பா சொல்லும்போதெல்லாம் உள்ள இருக்க எடைகள்னு சொல்ற எண்கள கொஞ்சம் கொஞ்சமா திருத்தி திருத்தி பழக்குறது, அவ்வளவுதான் அடிப்படை. மனுஷன் பழகுற மாதிரிதான், ஆனா காட்டுனத மட்டும்தான் அதுக்கு தெரியும். இதுல எல்லாரும் எடுக்குற பிளான்ட்வில்லேஜ்னு ஒரு படத்தொகுப்பு இருக்கு, 54,000க்கு மேல படம், 14 பயிர். தக்காளி இருக்கு, அப்பிள் இருக்கு, திராட்ச இருக்கு. தேயிலை இல்ல. 2016ல அத வச்சி பழக்குன மொடல் அதே மாதிரி படத்துல 99 வீதத்துக்கு மேல சரியா சொல்லிச்சி, வேற சூழ்நிலையில எடுத்த படத்த காட்டுனதும் 31 வீதத்துக்கு விழுந்திருச்சி. இத மறைக்காம அவங்களே எழுதியிருக்காங்க, அந்த நேர்மை எனக்கு புடிச்சது. ஆனா செமினார்ல காட்டுற ஸ்லைட்ல 99 மட்டும்தான் வருது.

அவன் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப மழைக்காலம், பனி மூடிக்கிட்டு கொப்புள நோய் நல்லா பிடிச்சிருந்த நேரம். 1946ல இலங்கைக்கு வந்த நோய் அது, ஒரு பங்கசு, முத்தின இலைய விட்டுட்டு நாம பறிக்கிற இளங்கொழுந்ததான் பிடிக்கும். அவன் ஃபோன மேல பிடிச்சி படம் படமா எடுத்துக்கிட்டு இருந்தான். அம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "தம்பி, திருப்பி எடுங்க"ன்னு சொல்லி இலைய மறுபக்கம் புரட்டி காட்டுனாங்க. மேல பாத்தா சின்னக் குழி மட்டும்தான், அடிப்பக்கம் கொப்புளம் வெள்ள மாவு தடவுன மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது. அடுத்தது இன்னொரு இலைய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சி, "இது நாளைக்கழிச்சி கொப்புளமாகும்"னாங்க, எண்ணெ பட்ட மாதிரி ஒரு புள்ளி, நானே அத கவனிச்சதில்ல. அவன் அதுவரைக்கும் எடுத்த அத்தன படமும் மேல் பக்கம். முப்பது வருஷமா அந்த எடைகள திருத்தி திருத்தி வச்சிருக்க ஒரு ஆள் பக்கத்துலயே நிக்கிறாங்க, அவங்ககிட்ட கேக்காம படத்துக்கு இது இந்த நோய்னு லேபல் போட்டா அந்த மொடல் எப்படி மலைக்கு உதவும்? லேபல் போடுற வேலைக்கு கொழுந்து எடுக்குறவங்கள கூப்பிடுங்க, அந்த நாளுக்கு முழுப்பேர் போட்டு சம்பளம் குடுங்க, பேப்பர்ல அவங்க பேரையும் போடுங்க. இத நான் ரொம்ப யோசிச்சித்தான் சொல்றேன்.

யாருகிட்ட இருந்து டேட்டா எடுத்தமோ அவங்களுக்குத்தான் மெஷின் ஒழுங்கா வேல செய்யும். கொவிட் நேரத்துல எல்லாரும் விரல்ல மாட்டுன ஒக்சிமீட்டர் ஞாபகம் இருக்கும். 2020ல அமெரிக்காவுல பாத்தப்ப, ஒக்சிசன் குறைஞ்சிருக்கத அந்த மெஷின் தவறவிட்டது வெள்ளைக்கார நோயாளிகள விட கறுப்பின நோயாளிகள்ல கிட்டத்தட்ட 3 மடங்கு. கருப்புத் தோல்ல ஒழுங்கா சோதிச்சி பாக்காத மெஷின். அம்மாவோட விரல்ல தோலும் கருப்பு, அதுக்கு மேல கறையும் இருக்கு.

மலைக்கு ஆராய்ச்சி புதுசில்ல. 1869ல கோப்பிய துரு நோய் பிடிச்சி, 1880ல மார்ஷல் வார்ட்னு ஒரு இளம் தாவரவியல் ஆள கூட்டிட்டு வந்து ரெண்டு வருஷம் பாக்க வச்சாங்க, காரணத்த சரியாவே கண்டுபிடிச்சாரு, ஆனா கோப்பிய காப்பாத்த முடியல. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ல தொடங்குனது, இன்னைக்கும் தலவாக்கலையில சென் கூம்ஸ்ல இருக்கு. பஸ்ல போகும்போது எங்க ஊரு புள்ளைங்க எல்லாம் அந்த போர்ட பாத்துக்கிட்டேதான் போகும், உள்ள வெள்ளக் கோட் போட்டுக்கிட்டு நிக்கலாம்னு அதுகளுக்கு யாரு சொல்றது. ஏ.எல்.ல சயன்ஸ் படிக்க தமிழ் மீடியம் டீச்சர் இல்லாம ஆர்ட்ஸ்க்கு போன கெட்டிக்காரப் புள்ளைங்க என் வகுப்புலயே அஞ்சாறு பேரு.

கடைசியா நானோ பத்தியும் நேர்மையா சொல்லிடுறேன். பசுமைன்னு பேரு வச்சிட்டதால எல்லாம் பசுமை இல்ல. நம்ம நாட்டுலயே 2017ல யூரியாவ நானோ அளவு ஹைட்ரொக்சிஅபடைட்ங்குற கல்சியப் பொருளோட சேத்து மெதுவா கரையுற உரம் செஞ்சி, பாதி யூரியாவுலயே நெல் நல்லா விளைஞ்சத காட்டுனாங்க, பெருமையான வேலை. நாலே வருஷத்துல, 2021ல அரசாங்கம் இயற்கை விவசாயம்னு சொல்லி ஒரே ராத்திரியில ரசாயன உரத்த நிப்பாட்டி தேயிலையையும் நெல்லையும் என்ன பாடு படுத்துனாங்கன்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

போன மாசம் வீட்டுக்கு போனப்ப நான் செய்ற வேலைய ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி எடுத்துட்டு போய் அம்மாவுக்கும் மாமிக்கும் வாசிச்சி காட்டுனேன். இந்த வெள்ளித் துணிக்கை கிருமிய கொல்லும், தண்ணி வடிகட்டுறதுக்கு ஆகும்னு சொன்னேன். மாமி எல்லாத்தையும் கேட்டுட்டு, "கிருமி சாகும்னா, இதக் கழுவுன தண்ணி பீலிக்கு கீழ ஓடையில போய் சேந்தா மீனு என்னா ஆகும் புள்ள?"ன்னாங்க. வெள்ளி தண்ணியில இருக்க சின்ன உயிர்களுக்கு நச்சுன்னு நான் படிச்சிருக்கேன், ஆனா எங்க போத்தல்ல இருக்கத வச்சி நாங்க அத சோதிச்சி பாக்கவே இல்ல. திங்கக்கிழம வந்து சுப்பவைசர் மேடம்கிட்ட சொன்னேன். கேள்வி யாரோடதுன்னு கேட்டாங்க, சொன்னேன். இப்ப அந்த சோதனையையும் திட்டத்துல சேத்திருக்கோம், வர்ற மாசம் தொடங்குறோம். என்னா வந்தாலும் முதல்ல மாமிக்குத்தான் வாசிச்சி காட்டணும்.